விபத்துக்குப் பின் கடனில் வந்த மருந்து: ஒரு பார்மசி லியன் வழக்கு

என்னிடம் வந்த ரசீதில் நான்கு மருந்துகள், மூன்று மாதங்கள், மொத்தம் 8,640 டாலர். மருந்து யார் பெயரில் போனதோ அவர் மகளைப் பார்க்க அமெரிக்கா வந்திருந்த 68 வயது அம்மா, திருச்சிக்காரர். மருந்து வீட்டு வாசலுக்கு வந்தபோது அவர் ஒரு சென்ட்கூடக் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை. எட்டு மாதம் கழித்து, வழக்கு முடிந்து இழப்பீடு வரப்போகும் நேரத்தில், அந்தத் தொகையை முதலில் எடுத்துக்கொள்ள ஒரு பார்மசி வரிசையில் நின்றது. இதைத்தான் இங்கே லியன் என்கிறார்கள்: இப்போது மருந்து, பிறகு வழக்குப் பணத்திலிருந்து வசூல்.

நான் கலிஃபோர்னியாவில் மருந்தாளுநராக இருக்கிறேன். விபத்து வழக்குகளில் மருந்துச் செலவைச் சரிபார்த்துத் தரும்படி வழக்கறிஞர் அலுவலகங்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. அப்படி வந்த வழக்கு இது. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசையும் கணக்கின் போக்கும் அப்படியே இருக்கின்றன. நம் வீடுகளில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்குவது சாதாரணம். அந்த ஆறு மாதத்தில் ஒரு கார் மோதினால் மருந்து எங்கிருந்து வரும், அதற்கு யார் விலை வைப்பார்கள் என்பது பலருக்குத் தெரியாமலே இருக்கிறது.

விபத்தும் காப்பீடும்

2025 கோடையில், சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் ஒரு சிக்னலில், பாதசாரிகளுக்கான கோட்டின் மேல் அம்மா சாலையைக் கடந்துகொண்டிருந்தார். வலப்பக்கம் திரும்பிய கார் இடித்தது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, இடுப்பில் பலத்த அடி. ஆம்புலன்ஸ், அவசர சிகிச்சை, ஸ்கேன், மாவுக்கட்டு. அன்றிரவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை.

பி-2 என்ற சுற்றுலா விசாவில் வந்தவருக்கு, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் கிடையாது. கிரீன் கார்டு வாங்கிய பெற்றோர்கூட 65 வயதுக்கு மேல், ஐந்து ஆண்டு தொடர்ந்து இங்கே வசித்த பிறகே அதைக் காசு கட்டிச் சேர முடியும். மகள் எடுத்திருந்த விசிட்டர் இன்சூரன்ஸ் மலிவு வகை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று நிலையான தொகை தரும் திட்டம். அவசர சிகிச்சைக்கு அது கொடுத்தது மருத்துவமனை பில்லில் ஒரு மூலைக்குக்கூடக் காணவில்லை. மருந்துக்கென்று அதில் எதுவும் இல்லை.

இடித்தவரிடம் இருந்தது சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் காப்பீடு மட்டும். கலிஃபோர்னியாவில் இந்தக் குறைந்தபட்சம் 1967 முதல் ஒருவருக்கு 15,000 டாலராகவே கிடந்தது. 2025 ஜனவரி 1 முதல்தான் அது 30,000 ஆனது. இந்த வழக்கில் மொத்தப் பணமே அந்த 30,000 டாலர்தான். கார் ஓட்டியவரிடம் சொத்து எதுவும் இல்லை. மகளின் கார் பாலிசியில், இடித்தவரின் காப்பீடு போதாதபோது கைகொடுக்கும் கூடுதல் பாதுகாப்பு இருந்தது; ஆனால் அது உடன் வசிக்கும் உறவினருக்குத்தான், சில மாதம் தங்க வந்தவருக்கு இல்லை என்று அந்த நிறுவனம் மறுத்துவிட்டது. அந்த மறுப்பை எதிர்த்துப் போராடியிருக்கலாம் என்பது என் எண்ணம். வழக்கறிஞர் அதில் காலத்தைச் செலவிட விரும்பவில்லை.

கையெழுத்து எப்படி விழுந்தது

வழக்கறிஞர் அலுவலகம் லியன் முறையில் பார்க்கும் ஓர் எலும்பு மருத்துவரிடம் அனுப்பியது. அதில் தவறில்லை, காப்பீடு இல்லாதவரை ரொக்கம் வாங்காமல் பார்க்க வேறு யாரும் முன்வருவதில்லை. அங்கே உள்ளே நுழைந்ததும் ஒரு டேப்லெட் கணினியைக் கையில் கொடுத்தார்கள். முகவரி, ஒவ்வாமை, பழைய நோய்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த படிவங்களுக்கு நடுவே மருத்துவரின் லியன் ஒன்று, பார்மசியின் லியன் ஒன்று. அம்மாவின் வலது கை மாவுக்கட்டில். மகள் அவருடைய இடது கை விரலைப் பிடித்துத் திரையில் கோடு இழுக்கச் செய்தார். வழக்கறிஞர் அலுவலகம் இரண்டு நாள் கழித்து அதே தாளில் தன் கையெழுத்தையும் போட்டு அனுப்பியது.

கலிஃபோர்னியாவில் 2022 முதல் மருத்துவர்கள் மருந்துச் சீட்டை மின்னணு முறையில் நேராகப் பார்மசிக்கே அனுப்ப வேண்டும், சில விதிவிலக்குகள் தவிர. நல்ல நோக்கத்தில் வந்த சட்டம். ஆனால் காகிதச் சீட்டு கையில் இருந்த காலத்தில் எந்தக் கடைக்குப் போவது என்று நோயாளி யோசிப்பார், நாலு இடத்தில் விலை கேட்பார். இப்போது சீட்டு கண்ணில் படுவதே இல்லை. மருத்துவரின் கணினியில் எந்தப் பார்மசி பதிவாகியிருக்கிறதோ அங்கே போய்விடுகிறது. "என் சீட்டை வீட்டுப் பக்கத்தில் இருக்கிற கடைக்கு அனுப்புங்கள்" என்று சொல்ல நோயாளிக்கு முழு உரிமை உண்டு. அப்படிச் சொல்லலாம் என்று இவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

அந்த லியன் தாளை நான் முழுதாகப் படித்தேன். மூன்று வரிகள் கவனிக்க வேண்டியவை. ஒன்று, வழக்கில் பணம் வராவிட்டாலும், வந்த பணம் போதாவிட்டாலும் மீதிக்கு நோயாளியே பொறுப்பு. "வழக்கு ஜெயித்தால்தான் காசு" என்று அந்த எலும்பு மருத்துவரின் வரவேற்பில் வாய்வார்த்தையாகச் சொன்னது தாளில் இல்லை. இரண்டு, இந்தக் கடனைப் பார்மசி வேறொருவருக்கு விற்கலாம். மூன்று, விலை. அதற்கு எண்ணே கிடையாது. பார்மசியின் "வழக்கமான கட்டணம்" என்று மட்டும் எழுதியிருந்தது. விலை தெரியாமல் வாங்கிய பொருளுக்கு எட்டு மாதம் கழித்து விலை சொல்லும் ஒப்பந்தம் அது.

மருத்துவமனைகளுக்குக் கலிஃபோர்னியாவில் லியன் தனிச்சட்டமாகவே இருக்கிறது. வரம்பும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பார்மசிக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. நோயாளியும் வழக்கறிஞரும் போட்ட கையெழுத்துதான் அதன் பலம் முழுவதும். அதனால்தான் அந்தக் கையெழுத்தில் இவ்வளவு நேரம் நிற்கிறேன்.

நான்கு மருந்துகள்

விலைக்குப் போகும் முன் மருந்துக்குள் போக வேண்டும். ஒரு மருந்தாளுநராக எனக்கு இந்த வழக்கில் மிகவும் வருத்தம் தந்தது பணம் அல்ல.

முதல் மருந்து நாப்ராக்சனும் எசோமெப்ரசோலும் ஒரே மாத்திரையில் சேர்ந்தது, தினம் இரண்டு. முன்னது வலிக்கு, பின்னது வயிற்றைக் காக்க. இரண்டாவது சைக்ளோபென்சாப்ரின் 7.5 மில்லிகிராம், தசைப்பிடிப்புக்கு. மூன்றாவது லிடோகெய்ன் 5% ஒட்டுப்பட்டை, முப்பது கொண்ட பெட்டி. நான்காவது பார்மசியே கலந்து தயாரித்த வலிக்களிம்பு ஒரு பெரிய குழாய்.

அம்மாவுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு டெல்மிசார்டனும் மெட்ஃபார்மினும் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். டெல்மிசார்டன் சாப்பிடுகிறவர் நாப்ராக்சனைத் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறலாம், சிறுநீரகத்துக்குச் சுமை கூடும். சர்க்கரையும் உள்ளவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். இதை எந்தப் பார்மசியின் கணினியும் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கும், அந்த இரண்டு மருந்துகளும் அதே கணினியில் இருந்தால். திருச்சியில் வாங்கிய மாத்திரை அமெரிக்கப் பதிவேடு எதிலும் இல்லை. லியன் பார்மசியோ இவரை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. கூரியர் வந்தது, பை வாசலில் இருந்தது, அவ்வளவே.

சைக்ளோபென்சாப்ரின் இன்னொரு கதை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பியர்ஸ் பட்டியல் என்பார்கள். 2023-ல் அதைப் புதுப்பித்தார்கள். தசைத் தளர்ச்சி மருந்துகள் அதில் பல ஆண்டுகளாக இருக்கின்றன. காரணம் மயக்கம், தள்ளாட்டம், விழுந்து எலும்பு முறிதல். ஏற்கெனவே கை முறிந்த 68 வயதுக்காரருக்கு அதைக் கொடுத்திருக்கிறார்கள். மகள் என்னிடம் சொன்னது: "அம்மா காலையில எழுந்ததும் தள்ளாடுறாங்கண்ணா. வலி மாத்திரைன்னா அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டோம்." வீட்டில் ஊரிலிருந்து கொண்டுவந்த பி.பி. மெஷின் இருந்தது. ஒரு நோட்டில் மகள் குறித்து வைத்திருந்தார். விபத்துக்கு முன் 130-ஐ ஒட்டி இருந்த மேல் எண், மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரத்தில் 158, 162 என்று போயிருக்கிறது. விபத்தின் அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டார்களாம்.

லிடோகெய்ன் 5% பட்டைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கொடுத்த அனுமதி அக்கி வந்து போன பிறகு தங்கும் நரம்புவலிக்கு மட்டும். முதுகுவலிக்கு எழுதக்கூடாது என்றில்லை, பலரும் எழுதுகிறார்கள். ஆனால் 4% பட்டை சீட்டே இல்லாமல் கடை அலமாரியில் கிடைக்கிறது. கலவைக் களிம்பு பற்றிச் சொல்ல வேண்டுமானால், 2019-ல் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் 399 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. வலிக்கேற்பக் கலந்து கொடுத்த களிம்பையும் மருந்தே இல்லாத வெறும் களிம்பையும் ஒப்பிட்டார்கள். குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை.

இவருக்கு நான் என்ன சொல்லியிருப்பேன்? டைலனால் (நம்மூர்ப் பாராசிட்டமால்), அளவோடு. வலிக்கிற இடத்தில் டைக்ளோஃபெனாக் 1% ஜெல். 2020 முதல் அது சீட்டில்லாமலே கிடைக்கிறது, மேலே தடவுவதால் உடம்புக்குள் போவது மாத்திரையைவிட மிகக் குறைவு. சூடு ஒத்தடம், பிசியோதெரபி. மருத்துவர் வேறு மாதிரி யோசிக்கலாம், அது அவர் உரிமை. ஆனால் அவருக்கு ஒரு மருந்தாளுநர் போன் போட்டு, "டாக்டர், இந்த அம்மா டெல்மிசார்டன் சாப்பிடுகிறார்" என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு போன் நடக்கவில்லை. புது மருந்துக்கு மருந்தாளுநர் நோயாளியிடம் பேசி விளக்க வேண்டும் என்பது இங்கே விதி. வீட்டுக்கு அனுப்பினால் பேச ஒரு போன் நம்பர் கொடுத்தால் போதும். நம்பர் பைக்குள் ஆங்கிலத் தாளில் இருந்தது. மருந்து உறையில் எப்படிச் சாப்பிடுவது என்பதைக் கேட்டால் மொழிபெயர்த்துத் தரவேண்டிய மொழிகள் கலிஃபோர்னியாவில் ஐந்து: ஸ்பானிஷ், சீனம், வியட்நாமியம், கொரியன், ரஷ்யன். தமிழ் அதில் இல்லை.

அம்மாவிடம் போனில் பேசினேன். "மாத்திரை வீட்டுக்கே வருது, காசும் கேக்கலை. நம்மூரு பெரியாஸ்பத்திரி மாதிரி இங்கேயும் சும்மா குடுக்குறாங்கன்னு நெனச்சுக்கிட்டேன் தம்பி" என்றார்.

விலை எங்கிருந்து வந்தது

ரசீது மாதம் ஒன்றுக்கு இப்படி இருந்தது: சேர்ப்பு மாத்திரை 60-க்கு 1,240 டாலர், சைக்ளோபென்சாப்ரின் 60-க்கு 310, பட்டை 30-க்கு 480, களிம்பு 850. கூட்டினால் 2,880. மூன்று மாதம்.

முதலில் வந்த ரசீதில் மருந்தின் பெயரும் தொகையும் மட்டும்தான். நான் கேட்டது மருந்து ஒவ்வொன்றின் என்.டி.சி. எண்ணையும். பார்மசியே கலந்து தருபவை தவிர, அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு மருந்துப் பாக்கெட்டுக்கும் அந்த எண் உண்டு. யார் தயாரித்தது, என்ன வலிமை, எத்தனை மாத்திரைப் பாக்கெட் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். எண் கிடைத்ததும் நாடாக் பட்டியலைத் திறக்கலாம். சில்லறைப் பார்மசிகள் மருந்தை என்ன விலைக்குக் கொள்முதல் செய்கின்றன என்ற தேசிய சராசரியை மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசுக் காப்பீடுகளை நடத்தும் மத்திய அரசு அலுவலகம் திரட்டி வாராவாரம் இணையத்தில் போடுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது. விபத்து வழக்கு நடத்தும் குடும்பங்களில் இதைத் தெரிந்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. மருந்து ரசீது கையில் இருக்கும் யாருக்கும் இதைவிடப் பயனுள்ள பக்கம் வேறில்லை.

அந்தப் பட்டியலில் நாப்ராக்சன் 500 மாத்திரை ஒன்று பத்து சென்டுக்கும் கீழே. எசோமெப்ரசோலின் நெருங்கிய உறவான, வயிற்றுக்கான ஒமெப்ரசோலும் அப்படியே. இரண்டையும் தனித்தனியாக வாங்கி ஒன்றாக விழுங்கினால் மாதத்துக்குச் சில டாலர்தான் அடக்க விலை. சேர்ப்பு மாத்திரையின் 1,240 இதற்குத்தான். சைக்ளோபென்சாப்ரினில் சூட்சுமம் வலிமையில் இருக்கிறது. சாதாரணமாக எல்லோரும் எழுதுவது 5 அல்லது 10 மில்லிகிராம், இரண்டும் சல்லிசு. 7.5 என்பது அபூர்வமாக எழுதும் அளவு. அதன் விலை பல மடங்கு. 5-க்கும் 10-க்கும் நடுவில் இந்த அம்மாவுக்கு 7.5 ஏன் தேவைப்பட்டது என்பதற்கு மருத்துவக் குறிப்பில் ஒரு வரியும் இல்லை.

இதே அம்மா இங்கே ஒரு கம்பெனியில் வேலை செய்து, வேலையிடத்தில் அடிபட்டிருந்தால் இந்த ரசீதே பிறந்திருக்காது. கலிஃபோர்னியாவின் தொழிலாளர் இழப்பீட்டு முறையில் மருந்து விலை, குறைந்த வருமானத்தாருக்கான மாநில அரசுக் காப்பீடான மெடி-காலின் விலையோடு கட்டப்பட்டிருக்கிறது. எந்த மருந்தை முன் அனுமதி இல்லாமல் எழுதலாம் என்று 2018 முதல் பட்டியலும் உண்டு. சாலை விபத்து வழக்கில் அப்படி எந்த விலைப்பட்டியலும் கிடையாது. அந்த வெற்றிடத்தில்தான் லியன் பார்மசிகள் வேலை செய்கின்றன.

பெரிய ரசீது யாருக்கு நல்லது

"ரசீது பெரிதாக இருந்தால் நஷ்டஈடு பெரிதாக வரும், அதனால் கவலைப்படாதீர்கள்" என்று குடும்பத்திடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் ஓர் அடிப்படை உண்டு என்பதால் அதை விளக்கியாக வேண்டும்.

2011-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ஹவல் வழக்கில் ஒரு முக்கியத் தீர்ப்புச் சொன்னது. அதில் மருத்துவ பில் 1,89,978 டாலர். ஆனால் அந்தப் பெண்ணின் காப்பீட்டு நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தப்படி மருத்துவமனைகள் 1,30,286 டாலரைத் தள்ளுபடி செய்திருந்தன. தள்ளுபடியான தொகையை இடித்தவரிடம் கேட்க முடியாது. உண்மையில் செலுத்தியதைத்தான் கேட்கலாம் என்றது நீதிமன்றம். சரி, காப்பீடே இல்லாதவர், அல்லது இருந்தும் பயன்படுத்தாமல் லியனில் பார்த்துக்கொண்டவர் என்றால்? அவருக்கு யாரும் தள்ளுபடி செய்யவில்லையே. 2018-ல் பெப்லி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படிப்பட்டவரைக் காப்பீடு இல்லாதவராகவே கருதலாம், முழு ரசீதையும் ஜூரியிடம் காட்டலாம் என்றது. முழு ரசீது மட்டுமே சான்றாகாது, அந்த விலை நியாயமானதுதான் என்று நிபுணர் வந்து சொல்லவும் வேண்டும். 2021-ல் காதிர் வழக்கு இன்னொன்றைச் சேர்த்தது: அந்த லியன் மருத்துவரிடம் அனுப்பி வைத்ததே வழக்கறிஞர்தான் என்பதை எதிர்த்தரப்பு ஜூரியிடம் எடுத்துச் சொல்லலாம்.

ஆக, லாரி கம்பெனி ஒன்று இடித்து, பத்து லட்சம் டாலர் காப்பீடு இருந்து, வழக்கு ஜூரி வரை போகுமானால் பெரிய லியன் ரசீதுக்குப் பலன் இருக்கலாம். எங்கள் வழக்கில் கிணற்றின் ஆழமே 30,000 டாலர். காப்பீட்டு நிறுவனம் சண்டையே போடாமல் முழுத்தொகையையும் தந்துவிட்டது. முறிந்த மணிக்கட்டும் மருத்துவமனை பில்லும் மட்டுமே அதற்குப் போதுமானவை. மருந்து ரசீது எட்டு டாலராக இருந்தாலும் எட்டாயிரமாக இருந்தாலும் உள்ளே வரும் பணம் ஒன்றுதான். வெளியே போகும் பணம்தான் மாறும். இடித்தவரின் பாலிசி வரம்பு எவ்வளவு என்று தெரிவதற்கு முன்னால் மருந்துக்கு லியன் கையெழுத்துப் போடவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். இந்தக் குடும்பம் கையெழுத்துப் போட்டது விபத்து நடந்த ஒன்பதாம் நாள். வரம்பு தெரிய வந்தது மூன்றாம் மாதம்.

பங்கீட்டுத் தாளைப் பாருங்கள். 30,000-ல் வழக்கறிஞருக்கு மூன்றில் ஒரு பங்கு, 10,000. வழக்குச் செலவு 450. மீதி 19,550. மருத்துவமனை லியன் சட்டப்படி மருத்துவமனை அதில் பாதிக்கு மேல் கேட்க முடியாது: 9,775. மிஞ்சியது இன்னொரு 9,775. எலும்பு மருத்துவர், பிசியோதெரபி லியன் இரண்டும் சேர்ந்து 6,800. பார்மசி 8,640. இரண்டையும் கூட்டினால் 15,440. அடிபட்டவருக்கு ஒரு டாலரும் இல்லை. அதற்கு மேல் 5,665 டாலர் அவர் கடன்பட்டிருந்தார்.

மூன்றாம் மாதம்

ரசீதில் மூன்றாவது மாத வரிகளின் தேதியைப் பார்த்ததும் மகளுக்குப் போன் செய்தேன். "அம்மா எப்போ ஊருக்குப் போனாங்க?" அந்தத் தேதிக்கு 12 நாள் முன்பே போய்விட்டார். பை அப்போதும் வாசலுக்கு வந்திருக்கிறது. அடுத்த முறை அம்மா வரும்போது ஆகட்டும் என்று மகள் அதைப் பிரிக்காமல் எடுத்து வைத்திருக்கிறார். தானாகவே மறுநிரப்பும் ஏற்பாடு அது. கலிஃபோர்னியாவில் அப்படி அனுப்ப மருந்து ஒவ்வொன்றுக்கும் நோயாளியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். அதைக் காட்டுங்கள் என்று கேட்டோம். லியன் தாளையே அனுப்பினார்கள். அதில் மறுநிரப்பு பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அமெரிக்காவை விட்டுக் கிளம்பும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. ஆனால் வருகையையும் வெளியேற்றத்தையும் பதிவு செய்யும் ஐ-94 இணையதளத்தில் பயண வரலாற்றை எடுத்தால் வெளியேறிய தேதி இருக்கும். திருச்சி விமான நிலையத்தில் குத்திய இந்திய வருகை முத்திரையின் படத்தையும் அம்மா வாட்ஸாப்பில் அனுப்பினார். பிரிக்காத பையை, உறையில் இருந்த தேதி தெரிய, மகள் படம் எடுத்தார். மூன்றையும் சேர்த்து அனுப்பியதும் 2,880 டாலர் பேச்சில்லாமல் போனது. மீதி 5,760.

பேச்சுவார்த்தை

வழக்கறிஞர் அலுவலகத்தின் பழக்கம் எல்லா லியன்காரர்களுக்கும் ஒரே மாதிரி கடிதம் அனுப்பி "பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பது. பாதி என்று கேட்பவருக்கு ரசீது பெரிதாக இருக்க இருக்க அதிகம் போகும். அடிவிலையிலிருந்து மேலே போக வேண்டும், ரசீதிலிருந்து கீழே வரக்கூடாது என்று நான் வற்புறுத்தினேன். ஒரு பக்கத் தாள் தயாரித்தேன். ஒவ்வொரு மருந்துக்கும் (களிம்பு என்றால் அதில் கலந்த பொருள்களுக்கு) என்.டி.சி. எண், நாடாக் விலை, பக்கத்து ஊர்க் கடைகளில் காப்பீடில்லாதவர் தள்ளுபடிக் கூப்பனோடு கொடுக்கும் விலை, ரசீதில் உள்ள விலை. அதன்படி இரண்டு மாத மருந்துக்கும் நியாயமான விலை 700 டாலரை ஒட்டி வந்தது. அதில் பெரும்பகுதி பட்டைக்கும் களிம்புக்கும். கூடவே காப்பீட்டு வரம்பைக் காட்டும் கடிதமும் பங்கீட்டுத் தாளும். மருத்துவப் பொருத்தம் பற்றி, அதாவது வயது, டெல்மிசார்டன், பி.பி. நோட்டு ஆகியவை பற்றித் தனியாக ஒரு பத்தி. அதில் குற்றம்சாட்டும் தொனி வேண்டாம், உள்ளதை மட்டும் எழுதலாம் என்று முடிவு செய்தோம்.

பார்மசி முதலில் 20% குறைப்பதாகச் சொன்னது. பிறகு பாதி. வழக்கறிஞர் அசையவில்லை, அந்தப் பொறுமைக்கு அவரைப் பாராட்ட வேண்டும். கடைசியில் 1,500-க்கு ஒப்புக்கொண்டார்கள். நியாய விலைக்கு இரண்டு மடங்கு. ஆனாலும் சண்டையை இழுத்தால் பணம் வழக்கறிஞர் கட்சிக்காரர்களுக்காக வைத்திருக்கும் தனிக் கணக்கிலேயே கிடக்கும். மறுப்பில்லாத பணத்தைத்தான் வழக்கறிஞர் 45 நாளுக்குள் பிரித்துத் தரவேண்டும், தகராறில் உள்ளதை அல்ல. மருத்துவமனை 7,000-க்கு இறங்கியது, எலும்பு மருத்துவர் 2,500, பிசியோதெரபி 1,500. அம்மாவுக்கு மிஞ்சியது 7,050 டாலர். முறிந்த கைக்கு இது நியாயமான இழப்பீடு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கடன் மட்டுமே மிஞ்ச இருந்தவருக்கு அது கிடைத்தது.

லியன் எப்போது சரி

லியன் முறையையே ஒழிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கால் எலும்பு முறிந்து அறுவை நடந்து, ரத்தம் உறையாமலிருக்க அபிக்ஸபான் மாதக்கணக்கில் வேண்டும் என்றால் அதன் பட்டியல் விலை மாதம் 600 டாலரை ஒட்டி இருந்துவந்திருக்கிறது. மலிவான மாற்று மருந்துக்கு எஃப்.டி.ஏ. 2019-லேயே அனுமதி கொடுத்தும், காப்புரிமைத் தகராறால் 2028 வரை அது கடைக்கு வராது. காப்பீடில்லாத ஒருவர் அதை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அங்கே லியன் பார்மசி ஓர் உபகாரம். பத்து சென்ட் மாத்திரைக்கு லியன் எதற்கு என்பதுதான் என் கேள்வி. அக்கம்பக்கத்துக் கடையில் கூப்பனைக் காட்டி, பத்திருபது டாலர் கொடுத்து வாங்கி, ரசீதை வழக்கறிஞரிடம் கொடுத்துவிடலாம். அந்த ரசீதும் வழக்கில் செல்லும். விலை முன்கூட்டியே தெரியும், பழைய மருந்துகளைச் சொல்லிக் கேட்கக் கண்ணெதிரே ஒரு மருந்தாளுநரும் இருப்பார்.

மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நியூயார்க்கில் கார் விபத்தில் யார் தவறு என்று பார்க்காமலே 50,000 டாலர் வரை மருத்துவச் செலவைக் கார் காப்பீடு தரும், பாதசாரிக்கும் சேர்த்து. 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே மருந்துக்கு லியன் என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் அந்தப் பணம் என்னவாயிற்று என்று கேளுங்கள். ஃபுளோரிடாவில் 2023 மார்ச்சில் வந்த சட்டப்படி, இப்படிக் கடனில் சிகிச்சை பெற்றவர் அந்த ஒப்பந்தத்தையும், விவரமான ரசீதையும், கடன் வேறொருவருக்கு விற்கப்பட்டதா என்பதையும் எதிர்த்தரப்புக்குக் காட்ட வேண்டும். டெக்சாஸில் 2021 முதல், காப்பீட்டு நிறுவனங்களிடம் அதே சிகிச்சைக்கு என்ன வாங்குகிறீர்கள் என்று எதிர்த்தரப்பு அங்குள்ள மருத்துவர்களிடம் கேட்டுப் பெற முடிகிறது.

எங்கள் வழக்கில் கடைசி வேலை ஒரு கடிதம். 1,500 டாலர் காசோலை போகும் முன் பார்மசி எழுத்தில் தரவேண்டும் என்று கேட்டோம்: இது முழுத் தீர்வு, பாக்கி பூஜ்ஜியம், மறுநிரப்பு எல்லாம் ரத்து, இந்தக் கணக்கு யாருக்கும் விற்கப்படவில்லை, இனி விற்கப்படவும் மாட்டாது. முதலில் வந்த கடிதத்தில் கடைசி இரண்டும் இல்லை. திருப்பி அனுப்பி, சேர்த்து வாங்கிய பிறகுதான் காசோலை போனது. அதன் நகல் ஒன்று மகளிடம், ஒன்று திருச்சியில். அம்மா அடுத்த ஆண்டு மறுபடி வருவதாக இருக்கிறார். இந்த முறை விரிவான வகை விசிட்டர் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார்கள். டெல்மிசார்டன், மெட்ஃபார்மின் பெயரும் அளவும் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டு ஒன்று அவர் கைப்பையில் இருக்கிறது.